சிரிப்புத் தொடருக்கும் மாறுகொளக் கூறல் குற்றமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான தொலைக்காட்சிக் கட்டுரை, நகைச்சுவைத் தொடர்களில் ஒரு பாத்திரம் நேற்று ஒரு விதமாகவும் இன்று வேறு விதமாகவும் நடந்துகொள்வதை எடுத்துப் பேசும் ரசிகர்களை, வேறு வேலை இல்லாதவர்கள் என்ற தொனியில் ஒதுக்கியிருந்தது. சிரித்துவிட்டுப் போக வேண்டிய இடத்தில் எதற்குக் கணக்குப் பார்க்க வேண்டும் என்பது கட்டுரையாளரின் கேள்வி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் தமிழ் கற்பித்தவள் நான். அப்படிப்பட்ட விவாதம் ஒன்றை என் வீட்டுத் திண்ணையில் இரண்டு மாதங்கள் உடனிருந்து கேட்டவளும்கூட. ஆகவே அந்தக் கேள்விக்கு மறுமொழி எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

எங்கள் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதும் வர்ணம் பூசுவதும் வலையைச் சீர்செய்வதுமாகப் பகல் கழிந்துவிடும். இரவு நீண்டு கிடக்கும். இவ்வாண்டு அந்த இரவுகளில் என் அண்ணன் மகனும் அவனுடன் கடலுக்குப் போகும் மூவரும் எங்கள் திண்ணையில் கூடினார்கள். மதுரையில் கல்லூரியில் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேத்தி, விடுமுறைக்கு வந்தவள், 'பிரண்ட்ஸ்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரை முதலிலிருந்து போட்டுக் காட்டினாள். 1994 முதல் 2004 வரை பத்து சீசன்களில் 236 எபிசோடுகளாக ஒளிபரப்பான தொடர் அது. புரியாத இடங்களை அவள் தமிழில் சொல்லச் சொல்ல, நியூயார்க் நகரத்து ஆறு நண்பர்களும் நாளடைவில் எங்கள் தெருவில் வாடகைக்கு இருப்பவர்களைப் போல ஆகிவிட்டார்கள்.

விவாதம் மூண்டது ஐந்தாவது சீசனில், 1998 நவம்பரில் ஒளிபரப்பான ஓர் எபிசோடில். அமெரிக்கர்களின் நன்றி தெரிவிக்கும் திருநாள் விருந்து முடிந்ததும், தங்கள் வாழ்வில் மிக மோசமாகப் போன அத்தகைய திருநாள் எது என்று நண்பர்கள் ஒவ்வொருவராகச் சொல்கிறார்கள். கதை 1987-க்குப் போகிறது. அறுவரில் ராஸும் மோனிகாவும் அண்ணன் தங்கை. ராஸின் கல்லூரித் தோழனாக அவர்கள் வீட்டுக்கு வந்த சாண்ட்லர், மோனிகாவின் பருமனைப் பற்றிச் சொன்ன ஒரு சொல் அவள் காதில் விழுந்துவிடுகிறது. மறு ஆண்டு அவள் உடல் மெலிந்து வந்து, அவனை மயக்கிப் பழிவாங்க முற்படுகையில் கையிலிருந்த கத்தி நழுவி அவன் கால்விரலைத் துண்டித்துவிடுகிறது. விரலென்று எண்ணி மருத்துவமனைக்கு எடுத்துப்போனது கேரட் துண்டு என்று தெரிந்தபோது எங்கள் திண்ணை அதிர்ந்தது. பத்து ஆண்டுகள் கழித்து இந்த உண்மை அவனுக்குத் தெரியவருகிறது. அவன் கோபத்தைத் தணிக்க மோனிகா ஒரு வான்கோழியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடுகிறாள். அப்போதுதான், தன்னை அறியாமல், உன்னை நேசிக்கிறேன் என்று அவன் முதன்முதலாகச் சொல்லிவிடுகிறான்.

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு என் அண்ணன் மகன் ஒரு கேள்வி கேட்டான். 1987-இல் அந்த வீட்டில் மோனிகாவின் தோழி ரேச்சலும் இருந்தாளே. அப்படியானால் முதல் எபிசோடில், மணக்கோலத்தோடு ஓடிவந்த ரேச்சலிடம் சாண்ட்லரைப் புதியவனைப் போல மோனிகா ஏன் அறிமுகம் செய்கிறாள்? தன் அண்ணன் ராஸைக் காட்டி மட்டும்தானே நினைவிருக்கிறதா என்று கேட்கிறாள்? ஒரே ஒரு பாடு ஒன்றாகக் கடலுக்குப் போனவன் முகமே ஆறேழு வருடம் கழித்தும் மறக்காதே என்றான் அவன். பேத்தி சளைக்கவில்லை. சாண்ட்லரும் மோனிகாவும் இணையப்போவது 1994-இல் எழுதியவர்களுக்குத் தெரியாது. நான்காவது சீசனின் முடிவில்தான் அது கதைக்குள் வருகிறது. அந்தக் காதலுக்கு ஒரு வேர் வேண்டும் என்பதற்காகப் பின்னாளில் ஒரு முன்கதையை உண்டாக்கினார்கள் என்றாள். பிறகு அவளே இன்னொரு விளக்கமும் தந்தாள். அந்த வயது ரேச்சல் தன்னைத் தவிர எவரையும் ஏறிட்டுப் பார்க்காதவள். தோழியின் அண்ணனோடு வந்தவன் முகம் அவள் மனத்தில் பதியாமல் போயிருந்தால் அதுவும் அவள் இயல்புக்குப் பொருந்துவதே என்றாள். அண்ணன் மகன் விடவில்லை. மறந்தது ரேச்சல் என்றே வைத்துக்கொள்வோம், மோனிகாவுமா மறந்தாள் என்று கேட்டான். அந்த விவாதம் நள்ளிரவைத் தாண்டியது.

நன்னூலில் பவணந்தி முனிவர் நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்று வகுத்தார். அவற்றுள் ஒன்று 'மாறுகொளக் கூறல்'. முன் சொன்னதற்கு மாறாகப் பின் சொல்வது. இதைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நான். ஆயினும் மாணவர்கள் பத்தையும் ஒப்பித்தார்களே தவிர, அது எங்கே நிகழ்கிறது என்று தாமாகக் கண்டு சொன்னவர்கள் அரியர். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுக் கடலுக்குப் போனவன் ஒரு சிரிப்புத் தொடரில் அதைக் கண்டு, சான்றோடு எடுத்து வைத்தான். உரையாசிரியர் செய்யும் பணியை, அதாவது முரண்போலத் தோன்றுவதைப் பாத்திரத்தின் இயல்பைக் கொண்டே பொருத்திக் காட்டும் பணியை, அவனுக்கு மறுமொழி சொன்னவள் செய்தாள். இதை வெட்டிப்பேச்சு என்று எழுத எனக்கு மனம் வராது.

இந்த ரசிகர்கள் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுப்பவர்களும் அல்லர். மோனிகாவின் வீட்டுக் கதவெண் தொடக்கத்தில் 5 என்று இருந்து பிறகு 20 ஆனதை அவர்கள் ஒரு வார்த்தையில் கடந்துபோனார்கள். மாடியில் உள்ள வீட்டுக்கு அவ்வளவு சிறிய எண் பொருந்தாது என்று தயாரித்தவர்களே உணர்ந்து திருத்திக்கொண்டது அது. ராஸ் ஆண்டுக்கணக்கில் 29 வயதிலேயே நிற்பதையும் சிரித்துக்கொண்டே மன்னித்தார்கள். அவர்களை உண்மையில் வருத்தியது அறுவரில் ஒருவனான ஜோயி. மனைவியைப் பிரிந்து நொந்திருந்த ராஸிடம், பெண்ணொருத்தியோடு உலகம் முடிந்துவிடுவதில்லை என்பதை ஐஸ்கிரீம் வகைகளை உவமை காட்டி முதல் எபிசோடில் விளக்கியவன் ஜோயி. ஏட்டறிவு குறைந்தாலும் உலகம் தெரிந்தவன். பத்தாவது சீசனில் அவனால் பிரெஞ்சு மொழியின் ஒரு வாக்கியத்தைக்கூடக் கேட்டபடி திருப்பிச் சொல்ல முடியவில்லை. எளிமையாகச் சிரிப்பு வருகிறது என்பதற்காக அவனுடைய அறியாமையை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு பெருக்கிக்கொண்டே போனார்கள். 'சென்று தேய்ந்து இறுதல்', அதாவது தொடக்கத்தில் சிறந்து போகப்போகத் தேய்ந்து முடிவது, என்று நன்னூல் வேறொரு குற்றம் சொல்கிறதே, நல்ல பாத்திரங்களுக்கு நகைச்சுவைத் தொடர்களில் நேர்வது பெரும்பாலும் அதுதான். எனக்கும் ஜோயியை அப்படிப் பார்க்கப் பொறுக்கவில்லை.

நேர்ந்த முரணைச் சீர்செய்யவும் முடியும் என்பதற்குப் பேத்தி மற்றொரு தொடரைக் காட்டினாள். 1982 முதல் 1993 வரை ஒளிபரப்பான 'சியர்ஸ்' தொடரில் பிரேசியர் என்ற மனநல மருத்துவர், தன் தந்தை ஓர் ஆராய்ச்சியாளர் என்றும் அவர் இறந்துவிட்டார் என்றும் சொல்லியிருந்தார். 1993-இல் அதே பாத்திரத்தை நாயகனாக்கிப் புதிய தொடர் தொடங்கியபோது, தந்தை உயிரோடு வருகிறார். அதுவும் ஓய்வு பெற்ற போலீஸ்காரராக. இதைப் பேசாமல் விட்டுவிடலாம் என்று அவர்கள் எண்ணவில்லை. 1995-இல் பழைய நண்பர் சாம் வீட்டுக்கு வருகிறார். இறந்துவிட்டார் என்று சொன்னாயே என்று தந்தையின் முன்னிலையிலேயே கேட்கிறார். அந்த நாளில் தந்தையோடு சண்டை, கோபத்தில் அப்படிச் சொல்லிவிட்டேன் என்று பிரேசியர் ஒப்புக்கொள்ளும்போது சிரிப்பும் வருகிறது, அவர்கள் இருவருக்கும் இடையில் இருந்த தொலைவும் தெரிகிறது. பார்ப்பவர்களுக்கு நினைவிருக்கும் என்று மதித்து எழுதியதால் கிடைத்த காட்சி அது. இதற்கு நேர்மாறானது 'ஹேப்பி டேஸ்' தொடர்: மூத்த மகன் சக் இரண்டாவது சீசனுக்குப் பிறகு சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனான், 1984-இல் தொடர் முடிந்தபோது தந்தை தமக்கு இரண்டே பிள்ளைகள் என்பதுபோலப் பேசினார்.

நம் தொடர்களில் நடிகர் மாறும்போது 'இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்துப் போடும் வழக்கம் உண்டு. பலரும் அதைக் கேலி செய்வார்கள். நான் அதை நேர்மையாகவே கருதுகிறேன். முகம் மாறியதை அறிவிக்கும் அந்த அக்கறை, குணம் மாறும்போதும் இருக்க வேண்டும். சிக்கனமே உருவாக அறிமுகமான மாமனார், ஒரு காட்சியின் சிரிப்புக்காகக் காரணமே இல்லாமல் பணத்தை வாரி இறைத்தால், மறுநாள் அவருடைய கஞ்சத்தனத்துக்கு நாங்கள் எப்படிச் சிரிப்பது? அவர் என்ன செய்வார் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதால்தானே சிரிப்பு வருகிறது? எங்கள் பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நாடகம் நடக்கும். பபூன் முன்பு சொன்னதற்கு மாறாக ஏதாவது பேசிவிட்டால் முன்வரிசைப் பெரியவர்கள் அங்கேயே குரல் கொடுப்பார்கள். அவரும் அந்தக் குரலை ஏற்று மறுமொழி சொல்லிச் சரிசெய்துகொள்வார். என் தந்தை அப்படிக் குரல் கொடுத்ததைச் சிறுமியாக இருந்தபோது கேட்டிருக்கிறேன்.

நாள்தோறும் ஒளிபரப்பாக வேண்டிய தொடருக்கு எழுதுகிறவர்களின் நெருக்கடியை நான் அறியாதவள் அல்லள். பலர் மாறி மாறி எழுதும்போது ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமல் போகலாம். ஆனால் ஒவ்வொரு பாத்திரமும் என்ன சொன்னது, யாரை எப்போது சந்தித்தது என்று ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வதற்குப் பெரும் செலவு ஆகிவிடாது.

தங்கள் தொலைக்காட்சிப் பக்கத்தில் நடிகர், நடிகையரின் பேட்டிகளுக்கு நடுவே, தமிழ் நகைச்சுவைத் தொடர்களின் பாத்திரங்களைப் பற்றி வாசகர்கள் எழுதுவதற்கு வாரம் அரைப் பத்தியேனும் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எந்த எபிசோடு, எந்தக் காட்சி, முன்பு என்ன சொல்லப்பட்டது என்று சான்றோடு எழுதுவோரின் கடிதங்களை மட்டும் வெளியிட்டால் போதும். என் அண்ணன் மகன் இப்போது கடலுக்குப் போய்விட்டான். மோனிகா ஏன் மறந்தாள் என்ற அவனுடைய கேள்விக்கு விடை எழுதிவைத்திருப்பதாகப் பேத்தி மதுரையிலிருந்து சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.