சிவப்பு மையில் எழுதியும்

செம்பூர், மும்பை
18.1.2026

அன்புள்ள கோமு,

பொங்கலுக்கு நீ அனுப்பிய கரும்புப் படத்தைப் பார்த்தேன். தீபாவளிக்கு அனுப்பியதையும் பார்த்தேன். நீலக் குறி விழுந்தும் பதில் வரவில்லை என்று பல்லைக் கடித்திருப்பாய். கடி, எனக்கு வேண்டியதுதான்.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். இவருக்கு முழங்கால் வலி, சின்னவனுக்கு இன்னும் வரன் குதிரவில்லை, நம் ஹாஸ்டல் 'கத்திரிக்காய்' பேத்தி எடுத்துவிட்டாளாம். அண்ணாச்சிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாய், அதுதான் பயம். ஏன் பயம் என்பதற்குத்தான் இந்தக் கடிதம். விஷயமே போனைப் பற்றியது, அதை அந்தப் போனிலேயே எழுத மனசு வரவில்லை. அதனால்தான் முப்பது வருஷத்துக்குப் பிறகு பேப்பரும் பேனாவும்.

ரிட்டையர் ஆனதும் ஒரு நர்சிங் ப்யூரோவில் சேர்ந்தேன் என்றபோது, "ஆயா அனுப்புற கம்பெனியா?" என்று சிரித்தாயே, அதேதான். ஸ்டேஷன் பக்கம் ஒரு சின்ன அறை, இரண்டு நாற்காலி, ஒரு போன், ஒரு ரிஜிஸ்டர். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது, பிள்ளை புனேயில் இருப்பான் அல்லது சிங்கப்பூரில். எங்களைக் கூப்பிடுவான். பன்னிரண்டு மணி நேர ட்யூட்டியா, இருபத்துநாலு மணி நேரமா, நர்ஸா, மௌஷியா (ஆயாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்), எவ்வளவு என்று பேசி முடிக்க வேண்டியது என் வேலை. முப்பத்தைந்து வருஷம் பாங்கில் இருந்தவளுக்கு இதில் என்ன கஷ்டம் என்றுதான் நானும் நினைத்தேன்.

கோமு, ஒரு வீட்டைப் பற்றி அந்த வீட்டு மருமகளுக்குத் தெரியாததெல்லாம் எங்கள் ஆபீஸ் போனுக்குத் தெரியும். கேட்காமலே அனுப்புவார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், படுக்கைப்புண்ணின் போட்டோ, மனநல மாத்திரைச் சீட்டு. அந்தப் போனின் காலரியை ஒருநாள் தள்ளிப் பார்த்தேன். ரோஜாப்பூ குட் மார்னிங், அடுத்தது ஒரு பாட்டியின் இடுப்புப் புண், அடுத்தது செட்டா நகர் முருகன் அலங்காரம், அடுத்தது யாரோ ஒருவரின் சிறுநீர்ப் பை, அளவு தெரியும்படி. பாங்கில் ஒருவருடைய பாலன்ஸை இன்னொருவரிடம் சொன்னால் சார்ஜ் ஷீட் கொடுப்பார்கள். இங்கே டீ வாங்கிவரும் பையனுக்குக்கூட அந்தப் போனின் பாஸ்வேர்டு தெரியும்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

மாதுங்காவில் ஒரு மாமா. மிருதங்க வாத்தியார். பெயர் சொல்லமாட்டேன். மாதுங்கா என்று எழுதியிருக்கிறேன், அது மாதுங்காவாக இல்லாமலும் இருக்கலாம், மிருதங்கமாக இல்லாமலும் இருக்கலாம், கேட்காதே. ஞாபகம் கழன்றுகொண்டே வருகிற வியாதி. ராத்திரியில் எழுந்து கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிடுவார். ஒருநாள் கிங்ஸ் சர்க்கிள் பாலத்தடியில் பால்காரன் பார்த்துக் கூட்டிவந்தானாம். ராத்திரிக்கு ஓர் ஆண் அட்டெண்டர் வேண்டும் என்று மாமி நேரில் வந்தார். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, குரலை இறக்கி, "இது வெளியே போகக்கூடாதும்மா. இன்னும் ஏழு குழந்தைகள் கத்துக்க வருது" என்றார். நானும் பெரிய மனுஷியாக ரிஜிஸ்டரில் அவர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் "ரகசியம்" என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். மாமி அதைப் பார்த்தார். நிம்மதியாகப் போனார்.

நவம்பர் கடைசியில் ஒரு சாயங்காலம், ஏழு மணி. வழக்கமாகப் போகிற பையனுக்குக் காய்ச்சல். எட்டு மணிக்குள் ஆள் வேண்டும். மாமி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். எங்கள் அட்டெண்டர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் 212 பேர். அதில் நான் இந்தியில் தட்டினேன்: "அவசரம், இன்று நைட், மாதுங்கா," பில்டிங் பெயர், மாடி, "ஆண், 74, டிமென்ஷியா, எழுந்து நடப்பார், டயப்பர் உண்டு." பத்து வினாடிகூட ஆகியிருக்காது. ஆள் கிடைத்தான். எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனேன்.

அதே பில்டிங்கில் மூன்றாவது மாடியில் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்கிறவள் எங்கள் மௌஷிதான், அதே குரூப்பில் இருக்கிறாள். கெட்டவள் இல்லை. "கீழ் வீட்டு மாஸ்டருக்கு மூளையில் கோளாறாமே, பாவம்" என்று பாட்டியிடம் சொல்லியிருக்கிறாள். பாட்டி மருமகளிடம். மருமகளின் பையன் மாமாவிடம் கற்றுக்கொள்கிறவன். அப்புறம் நான் சொல்ல வேண்டியதே இல்லை. பரீட்சை என்று ஒருவன் நின்றான், மேத்ஸ் ட்யூஷன் என்று இன்னொருவன். பத்து நாளில் ஏழில் ஐந்து பேர் நின்றுவிட்டார்கள். ஒரு பிள்ளையின் அம்மா மட்டும் மாடிப்படியில் மாமியை நிறுத்தி நேராகவே கேட்டிருக்கிறாள், "மாமாவுக்கு ஞாபகமே இல்லையாமே, எப்படிச் சொல்லித்தருவார்?" என்று.

மாமி போன் செய்தார். திட்டுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நீதானேம்மா சிவப்பு மையில எழுதிண்டே?"

அன்று ராத்திரி எனக்கு உன் ஹார்லிக்ஸ் டப்பா ஞாபகம் வந்தது. ரூம் நம்பர் 14, மேல் தட்டு. நாற்பது வருஷம் ஆகப்போகிறது. வார்டனிடம் சொன்னேனா, உன் கல்யாணத்துக்கு முன்னால் உன் மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு "பொண்ணுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே" என்று நோண்டியபோது சொன்னேனா, என் வீட்டுக்காரரிடமாவது சொன்னேனா? இப்போது இந்தக் கடிதத்தில்கூட டப்பாவுக்குள் இருந்தது என்ன என்று எழுதவில்லை, பார்த்துக்கொள். அப்படி இருந்தவள் பத்து வினாடியில் 212 பேரிடம் சொல்லியிருக்கிறேன். வம்பு பேசவில்லை, கெட்ட எண்ணமில்லை, வேலை ஆக வேண்டும் என்கிற அவசரம்தான்.

அழிக்கலாம் என்று பார்த்தேன். எல்லோருக்குமாக அழிக்கிற வசதிக்கு இரண்டரை நாள் கெடு, அது எப்போதோ தாண்டிவிட்டது. அழித்தாலும் படித்ததை என்ன செய்வது?

மறுநாள் நேரில் போனேன். பூக்கடைச் சந்தில் நின்று என்ன வாங்கிக்கொண்டு போவது என்று யோசித்தேன், பாரு, பழமா பூவா? கடைசியில் வெறுங்கையோடு போனேன். மாமா கூடத்தில் உட்கார்ந்து மிருதங்கத்தின் இடது பக்கத் தொப்பிக்கு ரவை பூசிக்கொண்டிருந்தார். ஈர ரவையைக் கட்டைவிரலால் வட்டமாகத் தேய்த்து, தட்டிப் பார்த்து, ஒரு துளி எடுத்து, மறுபடி தட்டி. என்னைப் பார்த்து "நீ யாரும்மா?" என்றார். சொன்னேன். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி "நீ யாரும்மா?" மூன்றாம் தடவையும் கேட்டார். மிச்சமிருந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவன் வந்து உட்கார்ந்து வாசித்தான், மிஸ்ர சாபு தாளம். எங்கோ ஓர் அரை எண்ணிக்கை விட்டுவிட்டான் போலிருக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மாமா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அவன் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். அவன் திரும்ப எடுத்தான், சரியாக வந்து விழுந்தது. டிபன் சாப்பிட்டோமா இல்லையா என்பது அவருக்குத் தெரியவில்லை, இது தெரிகிறது. நான் தட்டிய அந்த வரியில் இது எங்கே இருந்தது? "டிமென்ஷியா, டயப்பர் உண்டு" என்பதைப் படித்தவர்களுக்கு வேறு மாமா அல்லவா கிடைத்திருப்பார்?

எங்கள் முதலாளியிடம் சொன்னேன். "யார் கேஸ் போடப்போகிறார்கள்? மன்னிப்புக் கேட்டுவிடு, ஒரு வாரச் சார்ஜைக் குறைத்துவிடு. வயசானவங்களுக்கு என்ன ப்ரைவசி?" என்றார். வந்ததே எனக்குக் கோபம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்களே, அந்த வழக்கைப் போட்ட புட்டசாமிக்கு, போட்டபோது வயது 86, அவரும் ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி என்றேன். முதலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தார். பாங்கில் யூனியனில் இருந்தவளை வேலைக்கு வைத்தால் இப்படித்தான்.

அப்புறம் உட்கார்ந்து சட்டத்தையே படித்தேன். உன் மருமகன் வக்கீல்தானே, அவரிடம் பீற்றிக்கொள்ள உனக்கு உதவும். உடல்நிலை, மனநிலை, மருத்துவப் பதிவு எல்லாம் நுண்ணுணர்வான தகவல் என்று 2011லேயே தகவல் தொழில்நுட்ப (ஐடி) சட்டத்தின் கீழ் விதி இருக்கிறது. 2023ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதற்கான விதிகள் வந்தது போன நவம்பரில், நான் அந்த மெசேஜைத் தட்டிய அதே மாதம்! முக்கியமான கடமைகள் அமலுக்கு வர 18 மாதம் அவகாசம், ஆக 2027 மே. அதன் பிறகு இப்படிக் கசிந்தால் சம்பந்தப்பட்டவருக்குத் தாமதமில்லாமல் சொல்ல வேண்டும், தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் விவரம் தர வேண்டும். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. முதலாளியிடம் அந்தத் தொகையைப் படித்துக் காட்டினேன். டீயைக் கீழே வைத்தார். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? சட்டம் டிஜிட்டல் தகவலுக்குத்தான். என் சிவப்பு மை ரிஜிஸ்டர் அதற்குள் வராது. போன் வரும்.

ஆனால் சட்டத்தால் தீராத ஒரு முடிச்சு இருக்கிறது, இரண்டு மாதமாக அதைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன். யாரிடமும் எதுவும் சொல்லாமலும் இருக்க முடியாது. மாமா கதவைத் திறந்துகொண்டு போவார் என்று ராத்திரி வருகிறவனுக்குத் தெரியாவிட்டால் மறுபடி பாலத்தடிதான். போன வருஷம் ஒரு வீட்டில் காசநோய் என்பதைக் கௌரவத்துக்காக மறைத்துவிட்டார்கள். எங்கள் மௌஷி மாஸ்க் இல்லாமல் மூன்று வாரம் ஊட்டிவிட்டாள். அவளுக்கும் இரண்டு சின்னக் குழந்தைகள். அவளுடைய உடம்பு யாருடைய ரகசியத்தில் சேர்த்தி?

மௌஷிகள் விஷயம் இன்னும் மோசம். மௌஷியின் ஆதார் ஜெராக்ஸை வாங்கி சொசைட்டி குரூப்பில் போட்டு "புது ஆள், கவனிக்கவும்" என்று எழுதுகிறார்கள். எங்கள் சேர்க்கைப் படிவத்திலேயே ஹெச்ஐவி ரிசல்ட் என்று ஒரு கட்டம் இருந்தது. வேலை கொடுக்க அந்த டெஸ்டை நிபந்தனையாக வைக்கக்கூடாது என்று 2017லேயே சட்டம் போட்டாயிற்று. வருஷக்கணக்காக நாங்கள் கட்டத்தை நிரப்பி, படிவங்களைத் திறந்த ஷெல்ஃபில் அடுக்கிவைத்திருக்கிறோம். சொன்னதும் முதலாளி கட்டத்தை எடுத்துவிட்டார். எடுத்தது 250 கோடி பயத்திலா, என் தொல்லை தாங்காமலா, தெரியாது.

எங்களிடம் ஒரு மலையாளி சிஸ்டர் இருக்கிறார், படித்த நர்ஸ். நர்ஸ் படிப்பில் விளக்கேற்றி உறுதி சொல்லும் நாளில் எடுத்த நைட்டிங்கேல் உறுதிமொழியை இன்னும் மனப்பாடமாகச் சொல்வார். 1893ல் எழுதியது. நோயாளியின் சொந்த விஷயமாகத் தெரியவருவதையெல்லாம் மனதுக்குள் பூட்டிவைப்பேன் என்று அதில் ஒரு வரி வருகிறது. "நாங்க எடுத்தோம், இந்த மௌஷிகளுக்கு யார் விளக்கேத்தினாங்க?" என்றார். வாயை மூடிக்கொண்டேன். எனக்கே யாரும் ஏற்றவில்லையே.

இப்போது என் கையால் செய்ய முடிந்ததைச் செய்கிறேன். குரூப்பில் "மாதுங்கா, நைட், ஆண், எட்டு மணி" அவ்வளவுதான் போடுகிறேன். ஒத்துக்கொண்டவனைத் தனியாகக் கூப்பிட்டு மிச்சத்தை வாயால் சொல்கிறேன். ஆள் கிடைக்க ஒரு மணி நேரம் கூடுதலாகிறது, முதலாளி முணுமுணுக்கிறார். போன் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், டீப் பையனுக்குக் கோபம். கேஸ் முடிந்ததும் அந்த வீட்டுப் படங்களை அழிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் இல்லாதபோது என்ன நடக்கிறது என்று விசாரித்தேன். பழைய கதைதான் நடக்கிறது.

இனி உன் விஷயம். அம்மாவுக்கு மூன்று நாளாக மூச்சிரைக்கிறது, ரிப்போர்ட்டையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், உங்கள் டாக்டரிடம் காட்டு என்று எழுதியிருந்தாயே. தயவுசெய்து அனுப்பாதே. குறிப்பாக நம் ஹாஸ்டல் குரூப்பில் போட்டுத் தொலைக்காதே. உன்னைத் தெரியும், "எல்லாரும் நம்ம பிள்ளைகதானே" என்பாய். ராத்திரி ஒன்பதுக்கு மேல் என் சொந்த நம்பருக்குக் கூப்பிடு. நீ படி, நான் எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் கேட்கிறேன். ஆனால் மூச்சிரைப்புக்கு என் டாக்டருக்காகக் காத்திராதே. பாளையங்கோட்டையிலேயே உடனே கூட்டிக்கொண்டு போ.

பொங்கலன்று மாமி வீட்டுக்குப் போயிருந்தேன். சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார், முந்திரி நிறையப் போட்டு. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. போன பிள்ளைகள் யாரும் திரும்பவில்லை, இரண்டு பேர்தான். ராத்திரி ட்யூட்டிக்கு வருகிறவன் இப்போது வாசலில் செருப்பு ஸ்டாண்டின் மேல் தட்டில் போனை வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று மாமி சட்டம் போட்டிருக்கிறார். நான் கிளம்பும்போதுதான் கவனித்தேன், என் போனும் அங்கேதான் இருந்தது. உள்ளே நுழையும்போது மாமி கையை நீட்டினார், நானும் யோசிக்காமல் கொடுத்திருக்கிறேன்.

ஒன்பதுக்கு மேல், மறக்காதே.

உன்
ராஜி