றங்குப்பெட்டி திறந்தவர்களுக்கு

அன்புள்ள அயலவர்களுக்கும் உதவியவர்களுக்கும் வணக்கம்.

அப்புக்காத்தாக (உயர்நீதிமன்றங்களில் வாதாடும் வழக்கறிஞராக) இருந்து பாராளுமன்றம் போன இலங்கைத் தமிழ்த் தலைவர் தந்தை செல்வாவை, அதாவது எஸ். ஜே. வி. செல்வநாயகத்தை, பற்றி எங்கள் வாசிகசாலையில் நடத்திய மூன்று நாள் கண்காட்சி ஞாயிறு மாலையோடு முடிந்தது. பந்தல் கழற்றியாயிற்று. இரவல் கதிரைகளும் வீடு போய்ச் சேர்ந்துவிட்டன. நன்றி சொல்லாவிட்டால் அடுத்த முறை யாரும் படலை திறக்கமாட்டார்கள் என்று தலைவர் எச்சரித்தார். அவர் சொல்லியிருக்காவிட்டாலும் எழுதியிருப்பேன்.

முதல் நன்றி தெல்லிப்பழைப் பெரியம்மாவுக்கு. 1990இல் இடம்பெயர்ந்தபோது காணி உறுதிகளை (நிலப் பத்திரங்களை) ஒரு சீலைப்பையில் திணித்து இடுப்போடு கட்டிக்கொண்டு நடந்தவர் அவர். அந்த உறுதிகளுக்கு நடுவே, அவருடைய தகப்பனார் மடித்து வைத்திருந்த 1956ஆம் ஆண்டுத் தேர்தல் துண்டுப்பிரசுரமும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. மூலையில் செல்வாவின் கட்சியின் வீட்டுச் சின்னம். மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்து தூளாகியிருந்தது. கண்ணாடியை அதன்மேல் வைக்கும்போது பெரியம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மூன்று நாளும் பக்கத்திலேயே ஒரு கதிரை போட்டு உட்கார்ந்து, சிறுவர்கள் கண்ணாடியில் விரல் வைக்காமல் பார்த்துக்கொண்டார்.

இரண்டாவது நன்றி, எங்களைத் திருத்திய நொத்தாரிசு ஐயாவுக்கு. முதல் பலகையில் "சட்டத்தரணி செல்வநாயகம்" என்று பெரிதாக எழுதியிருந்தோம். "1947இல் சட்டத்தரணி ஏது தம்பி? அப்புக்காத்து ஒரு சாதி, வழக்கைத் தயார்செய்யும் பிறக்கிராசி இன்னொரு சாதி. இரண்டையும் ஒன்றாக்கியது எழுபதுகளில்" என்றார். அழித்து எழுதினோம். செல்வா ஊர்ச் சந்தியில் மேசை போட்டுச் சத்தம் வைத்த அப்புக்காத்து அல்லர் என்பதையும் அவரே விளக்கினார். கொழும்பு புதுக்கடையில் குடியியல் வழக்குகளில் பெயரெடுத்து, இராணி வழக்கறிஞர் வரிசையில் நின்றவர். மெல்லிய குரல், கனத்த கோவை. 1947இல் காங்கேசன்துறையில் வென்று பாராளுமன்றம் போனபோதும் அந்தக் குரல் மாறவில்லை. மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தையடுத்து, ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952இல் தோற்றார். 1956இல் மீண்டும் வென்றார்.

உயர்தர மாணவர்கள் இருவர், செல்வா பிரதமர்களான பண்டாரநாயக்காவோடும் டட்லி சேனநாயக்காவோடும் செய்த 1957, 1965 ஒப்பந்தங்களுக்கான பலகைகளை எழுதித் தந்தார்கள். அவர்களில் ஒருவன் கேட்ட கேள்வி இன்னும் காதில் நிற்கிறது. "ஒப்பந்தத்தை மீறினால் வழக்குப் போடலாமே, இவர் அப்புக்காத்துத்தானே, ஏன் போடவில்லை?" நொத்தாரிசு ஐயா சிரிக்காமல் பதில் சொன்னார்: "அது உறுதி முடித்த காணி இல்லையடா." பண்டாரநாயக்கா தானே கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை 1958 ஏப்ரலில் கைவிட்டதை அதற்குமேல் நான் விளக்கப்போகவில்லை.

1961 சத்தியாக்கிரகத்தின்போது யாழ்ப்பாணக் கச்சேரி (அரசாங்கச் செயலகம்) வாசலில் உட்கார்ந்திருந்த அண்ணை தன் கதையை ஒலிப்பதிவு செய்ய விட்டதற்கும் நன்றி. சட்டம் படித்த செல்வாவே தமிழரசுத் தபால் சேவை நடத்தித் தடுப்புக்காவலுக்குப் போன கதை அது.

என்னைக் கேட்டால், முழுக் கண்காட்சியையும் கடைசிப் பலகை ஒன்றுக்காகவே நடத்தியிருப்பேன். 1976இல் தமிழரசுக் கட்சியின் அமிர்தலிங்கம் முதலானோர் மீது யூரி (நடுவர் குழு) இல்லாமல் விசாரணை நடந்தபோது எழுபதுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சட்டத்தரணிகள் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் தரப்பில் எழுந்தார்கள். அவர்களில் செல்வாவும் இருந்தார், பொன்னம்பலமும் இருந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் எதிரெதிர் மேடைகளில் நின்றவர்கள் ஒரே பக்கத்து வாங்கில். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் பொன்னம்பலம் போனார், ஏப்ரலில் செல்வா. அந்தப் பலகைக்கு முன்னால் பிளேன்ரீக் கோப்பையோடு நின்று, குடிக்க மறந்துபோன பலரைக் கண்டேன்.

பதாகையில் 1898 என்ற பிறந்த ஆண்டை 1889 என்று அடித்துத் தந்த அச்சகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. காசைத் திருப்பித் தரவும் இல்லை. விடிந்தால் திறப்புவிழா என்ற நிலையில் வெள்ளைத் துணி ஒட்டி, இலக்கத்தைக் கறுப்பு நூலால் தைத்துத் தந்த தையல்கடை அக்காவுக்குக் கைம்மாறு இல்லை. கூலி கேட்டபோது, "செல்வாவுக்கும் கூலியா?" என்று திட்டினார்.

தேநீர், வடை, மின்பிறப்பாக்கி தந்த எல்லோருக்கும் ஒருசேர நன்றி. மின்வெட்டு வந்த சனிக்கிழமை மாலை, மின்பிறப்பாக்கி வரும்வரை கைப்பேசி வெளிச்சத்தில் பலகைகளை வாசித்துக் காட்டிய பிள்ளைகளுக்கு இன்னொரு தடவை.

இரவல் வாங்கிய கடதாசிகள் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டோம், ஒன்றைத் தவிர. யாரோ தந்த பழைய பத்திரிகைக் கட்டுக்குள் ஒரு காணி உறுதி அகப்பட்டது. வாசிகசாலை அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறோம். யாருடைய பெயரில் என்று இங்கே எழுதமாட்டோம். எத்தனை பரப்பு, வடக்கு எல்லையில் யாருடைய காணி என்று சரியாகச் சொல்பவர் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வந்து பெற்றுக்கொள்ளலாம்.