கேள்வி கேட்கப் போனவர்களையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போர் நடக்கும் நாடுகளில் ஆய்வு செய்து மனிதாபிமான உதவிக்கான கொள்கைகளை எழுதும் ஓர் ஆய்வாளரின் பணி வாழ்க்கை பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை, சந்தேகமில்லை. உதவி என்றால் அரிசி மூட்டை இறக்குவது, சமாதானம் என்றால் இரண்டு தலைவர்கள் கைகுலுக்குவது என்பதோடு பலருக்கும் விஷயம் முடிந்துவிடுகிறது. இறக்கிய மூட்டை யார் கைக்குப் போனது, அதனால் சண்டை தணிந்ததா கூடியதா என்று நோண்டிப் பார்க்கவும் ஆள் வேண்டும்.

அறிக்கை எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ருவாண்டாவைச் சொல்லலாம். 1994 இனப்படுகொலைக்குப் பிறகு எல்லை தாண்டி இன்றைய காங்கோவில் உள்ள கோமா முகாம்களுக்கு ஓடியவர்களில் பல்லாயிரம் பேர் காலராவில் செத்தார்கள், அதே முகாம்களில் கொலை செய்தவர்களே அதிகாரமும் செய்தார்கள். உதவி எங்கே சறுக்கியது என்று பல நாடுகள் சேர்ந்து நடத்திய மதிப்பீடு 1996இல் வெளியானது. அந்த விவாதங்களின் தொடர்ச்சியாக உருவானவைதான் மனிதாபிமான உதவிக்கான 'ஸ்பியர்' என்ற குறைந்தபட்சத் தர அளவுகள்: ஒருவருக்கு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்று இன்று பல முகாம்களில் கணக்குப் பார்ப்பது அதை வைத்துத்தான்.

சரி, என் குறைக்கு வருகிறேன். கட்டுரையில் ஜெனீவா வருகிறது, நைரோபி வருகிறது, நியூயார்க் வருகிறது. நேர்காணல்களை எடுத்த உள்ளூர் ஆட்களுக்கு 'உதவியாளர்களின் துணையுடன்' என்று அரை வரிதான். சில ஆண்டுகள் அந்த அரை வரிக்குள் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும், எந்தச் சோதனைச் சாவடியை எந்த நேரத்தில் தாண்டலாம், காணாமல் போனவர்களைப் பற்றிய கேள்வியைப் பக்கத்துக் கூடாரத்துக்காரர் காதுபட ஏன் கேட்கக்கூடாது என்பதெல்லாம் எந்தக் கேள்வித்தாளிலும் இருக்காது. ஒப்புதல் படிவத்தை நீட்டினாலே சிலர் எழுந்து போய்விடுவார்கள், ஏனென்றால் அவர்களிடம் கடைசியாகக் கையெழுத்து வாங்கியவர்கள் சீருடையில் வந்தவர்கள். அப்போது பேனாவை உள்ளே வைத்துவிட்டு வாய்வழி ஒப்புதல் போதும் என்று ஆய்வாளரிடம் சொல்லிப் புரியவைப்பதும் நாங்கள்தான். அப்புறம் அவர் விமானம் ஏறிவிடுவார். 'போன தடவையும் இதையேதான் கேட்டீர்கள், என்ன ஆயிற்று?' என்று ஒரு பெண்மணி கேட்கும்போது எதிரே நிற்பதும் நாங்கள்தான்.

பாதுகாப்புக்காகப் பெயரை மறைப்பார்களே என்று யாராவது சொல்லலாம். உண்மைதான், சில இடங்களில் பெயர் வெளியானால் உயிருக்கே ஆபத்து. ஆனால் ஆபத்தே இல்லாத இடங்களிலும் பெயர் இருப்பதில்லையே! பெயரைத்தான் மறைக்க வேண்டும், எங்களுக்குக் காப்பீடு தராமல் விட வேண்டும் என்று எந்தப் பாதுகாப்பு விதியும் சொல்வதில்லை.

2016இல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான உச்சி மாநாட்டில், 2020க்குள் உதவிப் பணத்தில் 25 சதவீதத்தையாவது முடிந்தவரை நேரடியாக உள்நாட்டு அமைப்புகளிடம் கொடுப்போம் என்று பெரிய நன்கொடையாளர்கள் வாக்குக் கொடுத்தார்கள். கெடு வந்து போனது, மொத்தக் கணக்கில் அந்த இலக்கின் பக்கத்தில்கூட வரவில்லை. 2025இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டையே மூடிவிட்டார்கள். இப்படிப் பணம் நிற்கும்போது, நாள் கூலிக்கு நேர்காணல் எடுப்பவர்களுக்கு வேலை முடிந்தது என்று சொல்ல ஒரு கடிதம்கூட வராது.

அடுத்த முறை இப்படி ஒருவரைப் பேட்டி எடுக்கும்போது இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களோடு வேலை செய்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? எழுதிய அறிக்கையை, பதில் சொன்ன மக்கள் படிக்கக்கூடிய மொழியில் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தீர்களா?

அன்புடன்,
முன்னாள் கள ஆய்வு உதவியாளர் ஒருவர்