முதலீட்டுக் கணக்கில் தெரியாத சீன வளர்ச்சி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீனாவை விட்டு அந்நிய நிறுவனங்கள் வெளியேறி வருவதைப் பற்றித் தங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்நாட்டு வணிக அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் ஏறத்தாழ 18,900 கோடி டாலராக இருந்த அந்நிய நேரடி முதலீடு, 2024-இல் 11,600 கோடி டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது உண்மைதான். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு, முதலீட்டாளர் போனால் வளர்ச்சியும் கூடவே போய்விடும் என்று கட்டுரையாளர் முடிவு கட்டியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே 2024-இல் சீன அரசு அறிவித்த வளர்ச்சி 5 விழுக்காடு. அரசு தரும் வளர்ச்சிக் கணக்கைச் சற்றுக் கழித்தே படிப்பவன் நான். என்றாலும், பிற நாடுகளின் சுங்கக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய வணிக உபரியும் (இறக்குமதியை ஏற்றுமதி மிஞ்சிய தொகை) அவ்வாண்டில் 1 லட்சம் கோடி டாலரை நெருங்கியது. முதலீடு சுருங்கிய ஆண்டிலேயே இது எப்படி நடந்தது என்ற கேள்வியைக் கட்டுரை எழுப்பவே இல்லை.

வாகன உதிரிபாக ஆலை ஒன்றின் கொள்முதல் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்பதால், எனக்குத் தெரிந்த கார் தொழிலை வைத்தே இதற்கு விடை தேடுகிறேன். அந்நிய நிறுவனங்கள் சீன நிறுவனங்களோடு சேர்ந்து தொழில் நடத்த வழிசெய்யும் கூட்டு முயற்சிச் சட்டத்தை 1979-இல் சீனா இயற்றியது. 1984-இல் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் ஷாங்காயில் கூட்டு நிறுவனம் அமைக்க ஒப்பந்தமிட்டது. அங்கே தயாரான சான்டானா காரில் தொடக்கத்தில் டயர், ரேடியோ, ஏரியல் போன்ற சில பொருள்களே உள்ளூர்ச் சரக்கு. மற்றவையெல்லாம் பெட்டி பெட்டியாகக் கடல் கடந்து வந்து பூட்டப்பட்டன. ஷாங்காய் நகர நிர்வாகம் விற்பனையாகும் ஒவ்வொரு காரின் மீதும் ஒரு தொகையை வசூலித்து நிதி திரட்டி, அந்தப் பணத்தை உள்ளூர் உதிரிபாக ஆலைகளின் கையில் கொடுத்துத் தரத்தை உயர்த்தச் செய்தது. உதிரிபாகம் தரும் ஒரு புதிய வெண்டரின் முதல் மாதிரி அளவில் தேறுவதற்குள் இரு தரப்பும் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு, இது ஓரிரு ஆண்டில் முடிகிற வேலை அல்ல என்பது புரியும். தொண்ணூறுகளின் பிற்பகுதிக்குள் அந்தக் காரின் பெரும்பகுதி சீனாவிலேயே தயாராகத் தொடங்கிவிட்டது. ஜெர்மானியர்கள் கொண்டுவந்த மூலதனத்தைவிட, அவர்கள் போனாலும் கூடவே போகாத இந்த ஆலைகள்தாம் சீனாவுக்குப் பெரிய வரவு என்பேன்.

டெஸ்லாவின் கதையும் இதே வகைதான். மின்சாரக் கார் தயாரிப்பில் அந்நியப் பங்குக்கு இருந்த வரம்பை 2018-இல் சீனா நீக்கிய பின், 2019-இல் ஷாங்காயில் அடிக்கல் நாட்டிய டெஸ்லா அதே ஆண்டின் இறுதிக்குள் கார்களை வெளியே அனுப்பியது. குளத்துக்குள் விட்ட கெளுத்தி மற்ற மீன்களையும் சும்மா இருக்கவிடாது என்று சீனர்கள் இதைக் குறித்துச் சொன்னார்கள். கெளுத்தியான டெஸ்லாவும் கொழுத்தது, மற்ற மீன்களான சீன நிறுவனங்களும் கொழுத்தன.

இப்போது கணக்கு திரும்பிவிட்டது. 2017-இல் சீனாவில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் 2024-இல் 18 லட்சம் அளவிலேயே நின்றது; அவ்வாண்டு டிசம்பரில், தன் சீனக் கூட்டு நிறுவனங்களின் பொருட்டு 500 கோடி டாலருக்கு மேல் இழப்பாக எழுத வேண்டியிருக்கும் என்று அறிவித்தது. ஃபோக்ஸ்வாகன் 2023-இல் சீனச் சந்தையின் முதலிடத்தை உள்ளூர் கார் நிறுவனமான பிஒய்டியிடம் இழந்தது மட்டுமல்லாமல், மின்சாரக் கார் தொழில்நுட்பத்துக்காக எக்ஸ்பெங் என்ற இளம் சீன நிறுவனத்தில் சுமார் 70 கோடி டாலர் கொடுத்து 5 விழுக்காட்டை ஒட்டிய பங்கை வாங்க அதே ஆண்டில் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒரு காலத்தில் எதற்காகச் சீனர்கள் ஜெர்மானியர்களை அழைத்தார்களோ, அதற்காகவே ஜெர்மானியர்கள் இன்று சீன நிறுவனத்தின் வாசலில் நிற்கிறார்கள். காப்பிக் கடையிலும் இதே நிலைதான்: 1999-இல் பெய்ஜிங்கில் கடை திறந்த ஸ்டார்பக்ஸை, 2017-இல் பிறந்த சீன நிறுவனமான லக்கின் 2023-இல் அந்நாட்டு விற்பனையில் முந்திவிட்டது.

இதனால் சீனாவில் எல்லாம் நலம் என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. 2021-இலிருந்து தொடரும் வீட்டுமனைத் துறையின் சரிவு குடும்பங்களின் கையைக் கட்டிப் போட்டிருக்கிறது. கார் நிறுவனங்களின் விலைப்போட்டியில் சீன நிறுவனங்களே பல நட்டத்தில் ஓடுகின்றன. 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட உளவுத் தடுப்புச் சட்டம், சாதாரணச் சந்தை ஆய்வுக்குக்கூட அந்நிய நிறுவனங்களை அஞ்ச வைத்திருக்கிறது. கட்டுரையாளர் இவற்றைச் சுட்டியது சரியே. ஆனால் வெளியேறுபவர்களில் அரசுக்கு அஞ்சிப் போகிறவர் யார், உள்ளூர்ப் போட்டியில் தோற்றுப் போகிறவர் யார் என்று பிரித்துப் பார்க்க வேண்டாமா? முதல் வகையினர் போவது சீனாவுக்கு இழப்பு. இரண்டாம் வகையினர் விட்டுச் செல்லும் இடத்தில் ஏற்கெனவே ஒரு சீன நிறுவனம் உட்கார்ந்திருக்கிறது. 2005 வாக்கில் சீன ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அந்நிய முதலீட்டு நிறுவனங்களின் கையில் இருந்தது. இன்று அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் மொத்த ஏற்றுமதி பல மடங்கு பெருகியிருக்கிறது.

கட்டுரையின் இறுதியில், சீனாவின் இழப்பு நமக்கு ஆதாயம் என்று ஒரு வரி வருகிறது. சீனாவின் செங்சோ நகரில் ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஸ்ரீபெரும்புதூரிலும் பூட்டுகிறது என்பதில் மகிழ்ச்சியே. ஆனால் இங்கே பூட்டப்படும் ஒரு கைப்பேசியின் உள்ளே இருக்கும் பாகங்களில் எத்தனை இந்த மாநிலத்து ஆலைகளில் செய்யப்படுபவை, அவற்றைச் செய்யும் சிறு ஆலைகளுக்கு அச்சு செய்யவும் சோதனைக்கூடம் அமைக்கவும் யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதைத் தங்கள் நிருபர் ஒருவர் நேரில் போய் விசாரித்து எழுதினால், என் போன்ற வாசகர்கள் ஆவலோடு படிப்போம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கொள்முதல் அலுவலர்,
அம்பத்தூர், சென்னை.