ரெண்டு துவையல்ல போன லோகோ

ஆசிரியருக்கு வணக்கம். எங்க கடை பத்தாவது வருஷத்துக்கு கஸ்டமருக்கெல்லாம் காட்டன் டி-ஷர்ட் குடுத்தோம், சப்ளிமேஷன்ல (மையை சூட்டுல ஆவியாக்கி துணியில ஏத்துற முறை) லோகோ போட்டுத் தரேன்னு ஒருத்தர் சொல்லி வாங்கிட்டுப் போனாரு, ரெண்டே துவையல்ல வெளுத்துப்போச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த மை பாலியஸ்டர்லதான் பிடிக்கும், காட்டன்ல நிக்காதாம். காட்டனுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் (சல்லடைத் துணி வழியா மையைத் தேய்ச்சு அச்சடிக்கிறது) பண்ணிருக்கணும், அதுலயும் பிளாஸ்டிசால்ங்கிற பிளாஸ்டிக் கலந்த மைன்னா சுமார் 160 டிகிரி சூட்டுல காய வைக்கணும், அவசரத்துல அரைகுறையா எடுத்தா வெடிச்சு உரிஞ்சுரும். எம்பிராய்டரி நிக்கும், ஆனா செலவு கூட. பேனாவுக்கு பேட் பிரிண்டிங் (ரப்பர் மாதிரி மெத்துல மையை எடுத்து ஒத்துறது), ஸ்டீல் பாட்டிலுக்கு லேசர்ல பொறிக்கிறது (சொரண்டினாலும் போகாது). ஆர்டர் எடுக்கறவங்க என்ன துணின்னு கேட்டு, எந்த முறைன்னு பில்லுலயே எழுதிக் குடுத்தா என்ன கொறஞ்சா போயிருவாங்க? வீட்ல கெடக்குற பழைய கல்யாண மஞ்சப்பையில பொண்ணு மாப்ள பேரு இன்னும் பளிச்சுன்னு இருக்குங்க.

இப்படிக்கு,
ஒரு சின்ன கடைக்காரன், மதுரை