ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததாம் எங்கள் தோட்டத்துப் பூ

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் வெப்பமண்டலப் பூக்களைப் பற்றி இரண்டு பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. படங்கள் கண்ணைப் பறித்தன, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வலது பக்க மூலையில் ஒரு படமும் அதன் கீழே மூன்று வரிகளும் இருந்தனவே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. "குளோரியோசா லில்லி. ஆப்பிரிக்கக் காடுகளின் அபூர்வ மலர். பால்கனித் தொட்டியில் வளர்த்தால் குழந்தைகள் ரசிப்பார்கள்."

ஐயா, நான் மூலனூர்ப் பக்கத்து விவசாயி. உங்கள் அபூர்வ மலர் எங்கள் ஊரில் ஏக்கர் ஏக்கராகப் பந்தலில் கிடக்கிறது. நாங்கள் கண்வலி என்போம், சில ஊரில் கார்த்திகைப்பூ என்பார்கள். உங்களைப் போன்ற படித்தவர்களுக்குச் செங்காந்தள் என்றால் சட்டென்று புரியும். தமிழ்நாட்டின் மாநிலப் பூ எது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் பூக்களை அடுக்க ஆரம்பிக்கும்போது முதலில் எடுத்தது இதைத்தான். ஆப்பிரிக்காவிலும் அது முளைக்கிறது, ஜிம்பாப்வேக்கு அதுதான் தேசியப் பூ. அதற்காக இங்கே வேலியோரத்தில் தானாக முளைத்துக் கிடந்த கொடிக்கு நீங்கள் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுக்க வேண்டுமா?

சரி, அதையாவது விடலாம். குழந்தைகள் ரசிப்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை எப்படி விடுவது? இந்தக் கொடியில் விஷமில்லாத பாகம் என்று ஒன்று கிடையாது. கிழங்கு, தண்டு, இலை, பூ, விதை எல்லாவற்றிலும் கோல்சிசின் இருக்கிறது. அந்தச் சரக்குக்காகத்தான் நாங்கள் இதைப் பயிரிடுகிறோம். கீல்வாதத்துக்கு மருந்தாகிறது, விதையில்லாத் தர்பூசணி உருவாக்குகிற ஆராய்ச்சிக்காரர்களுக்கும் அதுதான் வேண்டும். அளவு மீறினால் ஆளைக் கொண்டுபோய்விடும். எங்கள் சம்பந்தி வீட்டு வகையில் ஒரு பெரியவர் சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று நினைத்து இதை வேகவைத்துத் தின்றுவிட்டார். சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. இதற்கென்று முறிவு மருந்து ஒன்றும் கையில் இல்லை என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸை ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். ஆள் எப்படியோ பிழைத்தார். வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்துத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. அவர் வீட்டுப் பால்கனிக்கு உங்கள் இணைப்பிதழை அனுப்பி வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது என்று நான் நம்பத் தயாரில்லை. கண்வலிக் கிழங்கைத் தின்று இறந்தவர்களைப் பற்றி உங்கள் பேப்பரிலேயே மாவட்டப் பக்கத்தில் பெட்டிச் செய்தி வந்து நானே படித்திருக்கிறேன். அந்தப் பக்கம் போடுகிறவரும் ஞாயிறு இணைப்பு போடுகிறவரும் ஒரே கட்டடத்தில்தானே இருக்கிறார்கள்? ஒரு டீ குடிக்கும் நேரத்தில் பேசிக்கொள்ளக் கூடாதா?

கட்டுரையாளர் இந்தச் செடியை நேரில் பார்த்திருக்க மாட்டார் என்று அடித்துச் சொல்வேன். பார்த்திருந்தால் 'வளர்க்க எளிது' என்று எழுத மனசு வராது. ஆடியில் கிழங்கு நடுகிறோம். முனையில் இருக்கிற முளை உடைந்தால் அந்தக் கிழங்கு போச்சு. கொடி எழும்பினால் இலையின் நுனியே நீண்டு சுருண்டு கம்பியைப் பிடித்துக்கொள்ளும். மொட்டு பச்சையாகத் தலைகுனிந்து நிற்கும். விரிந்ததும் ஆறு இதழும் பின்பக்கமாக மேலே மடங்கிக்கொள்ளும், ஓரமெல்லாம் நெளிநெளியாக இருக்கும். முதலில் பச்சை கலந்த மஞ்சள், அப்புறம் நுனியிலிருந்து சிவப்பு இறங்கும், கடைசியில் முழுக்கச் சிவந்துவிடும். மகரந்தக் காம்புகள் ஆறும் சுற்றிலும் விரிந்து நிற்க, சூல்தண்டு மட்டும் அடியிலேயே ஒடிந்தாற்போல் ஒரு பக்கமாகத் திரும்பி விலகி நிற்கும். அதனால் இது தானாகச் சேர்ந்து காய்ப்பது அபூர்வம். பட்டாம்பூச்சியோ தேன்சிட்டோ வந்து உரசினால்தான் உண்டு. ஒரு தோட்டம் முழுக்கப் பூத்துக் கிடக்கும்போது அத்தனைக்கும் எந்தச் சிட்டு வரும்? காலையில் வெயில் ஏறுவதற்குள் எங்கள் வீட்டுப் பெண்களும் கூலிக்கு வருகிறவர்களும் வரிசை பிடித்துப் போய், ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவின் சூல்முடியில் தொட்டு வைப்பார்கள். பூப்பூவாகத் தொட வேண்டும். வேலை முடிந்து சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் தூக்குப்போசியைத் தொடக் கூடாது. இது என் அப்புச்சி காலத்துச் சட்டம்.

இவ்வளவு செய்து எடுக்கிற விதைக்கு ஒரு வருடம் நல்ல விலை. மறு வருடம் வியாபாரி எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். அரசே விலை நிர்ணயித்துக் கொள்முதல் செய்யட்டும் என்று நாங்கள் கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டுவிட்டது. அதற்கு உங்கள் பேப்பரில் வண்ணப் பக்கம் கிடைத்ததில்லை. அதே பூ ஆங்கிலப் பெயரில் தொட்டிக்குள் ஏறியதும் பக்கம் கிடைத்துவிட்டது.

மல்லிகைக்கும் இதே கதைதான். மார்கழி தையில் பனிக்கு விளைச்சல் குறைந்து விலை ஏறினால் "மல்லிகை விலை கிடுகிடு, பெண்கள் தவிப்பு" என்று முதல் பக்கத்தில் வரும். கோடையில் பறிப்புக் கூலிக்கும் தேறாமல் மூட்டையோடு சென்ட் பேக்டரிக்கு அனுப்பும்போது சத்தியமங்கலத்துக்கும் நிலக்கோட்டைக்கும் உங்கள் நிருபருக்கு பஸ் கிடைப்பதில்லை போலிருக்கிறது.

மல்லிகை என்றதும் இன்னொன்று. "வெப்பமண்டலப் பூக்களுக்கு நிறம் அதிகம், மணம் இல்லை" என்று கட்டுரையின் தொடக்கத்திலேயே தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மதுரையும் சத்தியமங்கலமும் எந்த மண்டலத்தில் இருக்கின்றன? பறவையை நம்பியிருக்கிற பூ சிவப்பாக இருக்கும், பெரும்பாலும் மணம் இருக்காது, ஏனென்றால் பறவை கண்ணால்தான் தேடி வரும். கண்வலி அந்த ரகம், செம்பருத்தி அந்த ரகம். இருட்டில் வருகிற அந்துப்பூச்சியை நம்பியிருக்கிற பூ வெள்ளையாக இருக்கும், பொழுது சாய்ந்ததும் மணக்கும். மல்லிகை, பவளமல்லி இரண்டும் அந்த ரகம். பவளமல்லி விடிவதற்குள் உதிர்ந்தே போய்விடும். மனோரஞ்சிதம் தனிச் சாதி. பச்சையாக இலையோடு இலையாக மறைந்திருந்து, மஞ்சளாகப் பழுக்கும்போது பழ வாசனையில் ஊரையே கூட்டும். தாழம்பூவின் மணத்துக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. இவை ஒன்றுமே உங்கள் இரண்டு பக்கத்தில் இல்லை.

இருந்தவை எவை? ஆந்தூரியம், ஹெலிகோனியா, காகிதப்பூ. "இதழ்கள் வாரக்கணக்கில் வாடாது" என்று புகழ்ந்திருக்கிறீர்கள். எப்படி வாடும்? அது இதழே இல்லையே, நிறம் மாறிய இலை. ஆந்தூரியத்தின் உண்மையான பூக்கள் நடுவில் நிற்கிற குச்சியில் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கும். காகிதப்பூவின் பூ, அந்த ரோஸ் நிற மடிப்புகளுக்கு நடுவே சின்ன வெள்ளைக் குழாயாக இருக்கும். இலை நாள்பட நிற்பதும் இதழ் சீக்கிரம் வாடுவதும் உலக வழக்கம். இதை வைத்து "நம்மூர்ப் பூக்கள் சீக்கிரம் வாடிவிடுவது பெரிய குறை" என்று கடைசிப் பத்தியில் எங்கள் தலையில் ஒரு குட்டு வேறு.

உச்சம் எதுவென்றால் நாகலிங்கம்தான். அடிமரத்திலேயே பூக்கிற அந்த மரத்தை "ஆதி காலம் முதல் நம் மண்ணுக்கே உரிய தெய்வீக மலர்" என்று எழுதியிருக்கிறார். அது தென் அமெரிக்காவில், கயானா, அமேசான் பக்கத்துக் காட்டு மரம். இங்கே கோயில் நந்தவனங்களில் நன்றாக வளர்ந்துவிட்டது, எனக்கும் பிடித்த பூதான். ஆக, வெளியூரிலிருந்து வந்ததை ஆதியிலிருந்தே நம்முடையது என்கிறீர்கள். ஆதியிலிருந்து இங்கே இருப்பதை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட்டீர்கள். இரண்டு படக்குறிப்பையும் இடம் மாற்றி வைத்திருந்தால்கூடப் பாதி சரியாகியிருக்கும்!

உங்களுக்கு நினைவிருக்கும், 2018இல் நீலக்குறிஞ்சி பூத்தபோது லாவண்டர் வயல் படத்தைப் போட்டு "மூணாறில் குறிஞ்சி" என்று எழுதினீர்கள். அப்போதும் ஒரு கடிதம் போட்டேன். பிரசுரமாகவில்லை. அந்த வாரம் 'பால்கனியில் சொர்க்கம்' தொடருக்குப் பாராட்டுக் கடிதங்கள் நிறைய வந்திருந்தன, இடமில்லாமல் போயிருக்கும். மூணாறில் குறிஞ்சி மறுபடி பூக்க 2030 ஆகும். அதற்குள் சரியான படம் ஒன்றைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ள அவகாசம் இருக்கிறது.

மன்னிப்பு, வருத்தம் எல்லாம் நான் கேட்கவில்லை. கட்டுரையாளரை மாற்றச் சொல்லவும் எனக்கு என்ன உரிமை இருக்கிறது? வருகிற ஞாயிறு அதே இணைப்பிதழில், அதே எழுத்து அளவில், மூன்று வரி போடுங்கள். இந்தச் செடி முழுக்க விஷம், குழந்தைகளும் ஆடு மாடும் நாயும் உள்ள வீட்டில் வைக்க வேண்டாம், ஏற்கெனவே கிழங்கு வாங்கியவர்கள் அதைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாமல் பெயர் எழுதித் தனியாக வைக்க வேண்டும் என்று. மாவட்டப் பக்கத்தின் அடியில், சித்தா டாக்டர் விளம்பரத்துக்கும் ராசிபலனுக்கும் நடுவில் போட்டுவிடாதீர்கள். பால்கனி வைத்திருக்கிறவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
மூலனூர், திருப்பூர் மாவட்டம்.