போன வருஷம் ஒரு சிப்பம், இந்த வருஷம் அஞ்சு சிப்பம்

அனுப்புநர்:
சீசன் டிக்கெட் வாடிக்கையாளர்,
பட்டுக்கோட்டை வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
எங்கள் ஊர் எழுவர் கால்பந்துத் தொடரை எடுத்து நடத்தும் நிறுவனம், சென்னை.

பொருள்: 2026 கோடைத் தொடருக்கான சீசன் டிக்கெட் விலை உயர்வு, இருக்கை மாற்றம், முன்பணம் திருப்பித் தர மறுப்பது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். நான் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஆறு மா நிலமும் உண்டு. உங்கள் நிறுவனம் இங்கே வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே இந்தத் தொடருக்கு சீசன் டிக்கெட் எடுத்து வருகிறவன். நீங்கள் வந்து மூன்று வருஷம் ஆகிறது. 2024-இல் 600 ரூபாய் என்றீர்கள், கொடுத்தேன். 2025-இல் 700 என்றீர்கள், முணுமுணுத்துக்கொண்டு கொடுத்தேன். இந்த வருஷம் 1500 என்று செல்போனில் செய்தி வந்தது. ஒரு சைபர் தப்பாக விழுந்திருக்குமோ, 150 கூட்டியிருப்பார்களோ என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். தப்பு இல்லை.

எங்கள் வீட்டுக்கு மூன்று டிக்கெட். எனக்கு ஒன்று, எட்டாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு ஒன்று, 76 வயது அப்பாவுக்கு ஒன்று. போன வருஷம் எனக்கு 700, பையனுக்கு அரை டிக்கெட் 350, அப்பாவுக்கு இலவசம். மொத்தம் 1050. இந்த வருஷம் அரை டிக்கெட் கிடையாது, இலவசம் கிடையாது. ஆளுக்கு 1500. அதோடு விட்டீர்களா? பணம் கட்டும் கடைசிப் பக்கத்துக்குப் போனால் ஆளுக்குக் கன்வீனியன்ஸ் கட்டணம் 45, டிஜிட்டல் கார்டு 60, நான் கேட்காமலே டிக் அடித்து வைத்திருக்கும் தண்ணீர் பாட்டில் கூப்பன் 100. அந்த டிக்கை எடுத்தால் பக்கம் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. நான்கு முறை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆக மூன்று பேருக்கு 5115 ரூபாய்.

எங்கள் ஊரில் பணத்தை நெல்லால்தான் அளப்போம். கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகம் போன பருவம் குவிண்டாலுக்கு 2450, இந்தப் பருவம் 2545. மாநில அரசு கொடுக்கும் ஊக்கத்தொகையும் சேர்த்துத்தான் அது. ஒரு சிப்பம் 40 கிலோ. போன வருஷக் கணக்கில் ஒரு சிப்பத்துக்கு 980 ரூபாய், இந்த வருஷம் 1018. போன கோடையில் ஒரு சிப்பம் நெல்லும் மேலே ஒரு டீச் செலவும் போட்டால் மூன்று பேரும் தொடர் முழுக்கப் பார்த்தோம். இந்த வருஷம் அஞ்சு சிப்பம் வேண்டியிருக்கிறது. ஈரப்பதம் நூற்றுக்கு 17-ஐத் தாண்டிவிட்டது என்று களத்திலேயே திருப்பி அனுப்பாமல் இருந்தால் அந்த அஞ்சு சிப்பம். என் நெல் விலை 95 ரூபாய் ஏறியிருக்கிறது, நூற்றுக்கு நாலு கூட இல்லை. உங்கள் டிக்கெட் ஒன்றுக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது.

விலை ஏறக்கூடாது என்று நான் சொல்லவில்லை. காப்பர் ஒயர் விலை ஏறினால் நானும்தான் காயில் கட்டும் கூலியை ஏற்றுகிறேன். ஆனால் ஏற்றுவதற்கு ஒரு கணக்கு வேண்டும். உங்கள் கணக்கு எனக்குப் புரியவில்லை. நுழைவாயிலில் தினசரி டிக்கெட் 60 ரூபாய் என்று நீங்களே பேனர் கட்டியிருக்கிறீர்கள். தொடர் மொத்தம் 24 ராத்திரி. அதில் இரண்டு அரையிறுதியும் இறுதியும் சீசன் டிக்கெட்டில் சேராது, தனியாக 200 ரூபாய் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். மிச்சம் 21 ராத்திரி. தினமும் வரிசையில் நின்று 60 ரூபாய் கொடுத்து உள்ளே போனால் 1260. முன்கூட்டியே சீசன் எடுத்தவன் 1500 கொடுக்க வேண்டும், மேல்செலவோடு 1705. மொத்தமாக வாங்குகிறவனுக்குச் சில்லறை விலையை விட 445 ரூபாய் கூடுதல் போடும் கடையை நான் இதுவரை பார்த்ததில்லை. பட்டுக்கோட்டை சந்தையில் தேங்காய் ஏவாரி கூட இப்படிச் செய்யத் துணிய மாட்டார்.

உங்கள் சேவை எண்ணுக்குப் போன் செய்தேன். பேசிய பெண் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, பொறுமையாகத்தான் பேசியது. ‘சார், இந்த வருஷம் வெளிநாட்டு ப்ளேயர்ஸ் நிறைய வர்றாங்க சார், லைட்டிங் செலவு கூடிடுச்சு சார்’ என்று சொன்னது. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் விஷயம் எனக்குத் தெரியாது. கேரளாவில் மலப்புரம் பக்கம் ஆப்பிரிக்காவிலிருந்து ஆள் வந்து செவன்ஸ் (இதே எழுவர் ஆட்டம்தான்) ஆடுவது பல வருஷப் பழக்கம்தான், இங்கேயும் வரட்டும். ஆனால் லைட் கதையை என்னிடம் சொல்லக்கூடாது. முன்பு கம்பத்தில் இருந்தது 1000 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கு, பன்னிரண்டு. நாலு மணி நேரம் எரிந்தால் 48 யூனிட். போன வருஷம் அதைக் கழற்றிவிட்டு 400 வாட் எல்.ஈ.டி. பன்னிரண்டு போட்டீர்கள். அதே நாலு மணி நேரத்துக்கு 20 யூனிட் கூட வராது. கழற்றிய பழைய விளக்குகளின் பாலஸ்டுகளில் (சோக்குகளில்) மூன்று என் கடை வாசலில்தான் கிடக்கிறது. கரண்டு செலவு பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது ஐயா, ஏறவில்லை.

இன்னொரு விஷயம். இதுதான் பணத்தை விட அதிகமாக உறுத்துகிறது.

முன்பு ஊர்க் கமிட்டி நடத்தியபோது, தை கடைசியிலும் மாசியிலும் சம்பா நெல் போட்ட காசு கையில் இருக்கும் சமயம் பார்த்து, பையன்கள் ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக வருவார்கள். ஆட்டமோ சித்திரையில்தான். இரண்டு மாதம் முன்னாலேயே ஏன் கொடுத்தோம்? அந்தக் காசில்தான் சவுக்குக் கட்டை வாங்கி கேலரி கட்டுவார்கள், கோப்பைக்கு முன்பணம் கொடுப்பார்கள். நாங்கள் கொடுத்தது டிக்கெட் காசு மட்டும் இல்லை, தொடர் நடக்கப் போட்ட முதல். அதற்குப் பதிலாகத்தான் எங்களுக்கு விலை குறைவு, எப்போதும் அதே இடம். கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலை அடித்து, எங்கள் பக்கம் தென்னை எல்லாம் சாய்ந்து கிடந்தது. அடுத்த கோடையில் கமிட்டி சீசன் டிக்கெட்டை 400-லிருந்து 200 ஆக்கியது. கேலரிக்குக் கட்டை வாங்கக் காசு இல்லை. விழுந்த தென்னை மரங்களை அறுத்து, வரிசையாகப் படுக்கப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து பார்த்தோம். சிராய் குத்தாமல் இருக்க ஆளுக்கு ஒரு சாக்கு கொண்டுபோனோம். நிறைய பேருக்கு அந்த வருஷம் வேறு வருமானமே இல்லை. ஆனாலும் மைதானம் நிரம்பியது.

நீங்கள் அந்த முன்பணப் பழக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டீர்கள். பிப்ரவரி 8-ஆம் தேதி ‘உங்கள் இடத்தை உறுதி செய்யுங்கள்’ என்று சொல்லி ஆளுக்கு 500 வீதம் என்னிடம் 1500 வாங்கினீர்கள். முழு விலை எவ்வளவு என்று அன்று சொல்லவில்லை. போன வருஷ விலையோ, ஐம்பது நூறு கூடவோ இருக்கும் என்று நம்பித்தான் கட்டினேன். ஏப்ரல் 3-ஆம் தேதி 1500 என்று சொல்கிறீர்கள். வேண்டாம் என்றால் முன்பணம் திரும்ப வராது என்கிறீர்கள். விலை சொல்லாமல் வாங்கிய முன்பணத்தை எந்த நியாயத்தில் வைத்துக்கொள்வீர்கள்?

சரி, மிச்சம் 3615 ரூபாயையும் கட்டித் தொலைத்தால் பழைய இடமாவது உண்டா என்று பார்த்தேன். எனக்கு ஜி-14. அப்பாவுக்கு கே-31. பையனுக்கு எதிர்ப்பக்கத்தில் ‘யூத் ஸோன்’. சிஸ்டம் தானாகவே ஒதுக்குகிறதாம்.

அப்பா இந்தத் தொடரில் கோல்கீப்பராக நின்றவர். வடக்குக் கோலுக்குப் பின்னால், மூன்றாவது வரிசை ஓரத்தில்தான் உட்காருவார். ஓரம் எதற்கென்றால், அரை மணிக்கு ஒரு தடவை ஒன்றுக்குப் போக வேண்டும், யாருடைய காலையும் மிதிக்காமல் இறங்க வேண்டும். கோலுக்குப் பின்னால் எதற்கென்றால், இரண்டு கண்ணிலும் புரை எடுத்த பிறகும் தூரத்துப் பந்து அவருக்குச் சரியாகத் தெரியாது. பக்கத்தில் இருந்தால் காதிலேயே பார்த்துவிடுவார். பந்து கோல்கீப்பர் கையில் படும் சத்தத்தை வைத்தே ‘பிடிச்சான்’, ‘தட்டிட்டான்’, ‘விட்டான் பாவி’ என்று எங்களுக்கு முன்னால் சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும். எங்கள் வரிசையில் ஒன்பது வருஷமாக அதே பதினொரு பேர். சைக்கிள் கடை பாய் இஞ்சி டீ பிளாஸ்க் கொண்டுவருவார், அப்பாவுக்குத்தான் முதல் மூடி. கே-31 நடு வரிசையில், மத்தியில், பன்னிரண்டு படிக்கு மேலே இருக்கிறது. அவரை அங்கே ஏற்றுவதற்கு நான்கு பேர் வேண்டும். இறக்குவதற்கு எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

1998-இல் கமிட்டி பழைய ஆட்டக்காரர்களுக்கு ஆயுளுக்கும் செல்லும் என்று ஒரு மஞ்சள் அட்டை கொடுத்தது. முதல் இரண்டு வருஷம் உங்கள் ஆட்களே அதைப் பார்த்து உள்ளே விட்டார்கள். இப்போது ‘எங்கள் டேட்டாவில் இல்லை’ என்று பதில். தொடரை எடுக்கும்போது ஊர்ப் பெயரையும் கோப்பையையும் கூட்டத்தையும் எடுத்துக்கொண்டீர்கள், கமிட்டி கொடுத்த வாக்கை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

என் மகன் இங்கிலாந்து ஆட்டங்களை ராத்திரி போனில் பார்ப்பவன். இந்த விலையைக் கேட்டதும் அவன்தான் ஒரு விஷயம் சொன்னான். லிவர்பூல் அணி புதிய ஸ்டாண்டில் சில டிக்கெட்டுகளுக்கு 77 பவுண்டு என்று அறிவித்ததாம். 2016 பிப்ரவரி 6-ஆம் தேதி சண்டர்லாண்டோடு ஆட்டம். சரியாக 77-ஆவது நிமிஷம் பத்தாயிரம் பேர் அளவில் எழுந்து வெளியே போய்விட்டார்கள். அப்போது லிவர்பூல் 2-0 முன்னிலை. அவர்கள் போன பிறகு சண்டர்லாண்டு இரண்டு கோல் போட்டு ஆட்டத்தை 2-2 ஆக்கிவிட்டது. சில நாளிலேயே முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு அந்த 77 பவுண்டைக் கைவிட்டார்கள். அத்தனை பெரிய முதலாளிகளே இறங்கி வந்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் வெளியே போவது அவ்வளவு கஷ்டமும் இல்லை, கேலரிக்குப் பின்னாலேயே வாய்க்கால் கரை, அங்கிருந்து பார்த்தாலே பாதி மைதானம் தெரியும்.

நான் கேட்பது இதுதான். சீசன் டிக்கெட்டைத் தினசரி விலையின் மொத்தத்துக்குக் கீழே கொண்டுவாருங்கள், அரையிறுதி இறுதி உட்பட. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அரை டிக்கெட் பழையபடி வேண்டும். மஞ்சள் அட்டை வைத்திருப்பவர்கள் இப்போது உயிரோடு இருப்பதே ஏழெட்டுப் பேர்தான், அவர்களை உள்ளே விடுவதால் உங்கள் நிறுவனம் மூழ்கிவிடாது. வடக்குக் கோல் மூன்றாவது வரிசையை எங்களுக்கே விடுங்கள். இது எதுவும் முடியாது என்றால் என் 1500 ரூபாயைத் திருப்பி அனுப்புங்கள். நான் தினசரி டிக்கெட் வாங்கிக்கொள்கிறேன், அதுதான் மலிவு.

ஏப்ரல் 30-க்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன். கடைசிப் பக்கத்தில் கட்டணத்தைச் சொருகுவதும், கேட்காத பொருளைக் கூடையில் போடுவதும் கூடாது என்று 2023-இலேயே மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. நீங்கள் இரண்டையும் ஒரே பக்கத்தில் செய்திருக்கிறீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் அலுவலகம் சென்னையில் இருப்பதால் நான் அங்கே அலைய வேண்டியதும் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம், இந்தத் தொகைக்கு மனுக் கட்டணமும் கிடையாது. தஞ்சாவூருக்குப் பஸ் செலவு மட்டும்தான்.

இப்படிக்கு,
வடக்குக் கோல், மூன்றாவது வரிசை,
ஓரத்திலிருந்து இரண்டாவது ஆள்.

இணைப்பு: முன்பண ரசீது நகல், பணம் கட்டும் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் நான்கு, அப்பாவின் மஞ்சள் அட்டை நகல். அசல் அட்டையை அவர் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். நகல் எடுக்கவே அரை நாள் கெஞ்ச வேண்டியிருந்தது.